என் பெயருக்கு நேரே ஒரு டிக்

பஞ்சாயத்துத் தேர்தலன்று காலை எட்டரைக்கு எழுந்தேன். வோட்டுப் போட அல்ல, கிரிக்கெட் விளையாட.

இதைச் சொல்ல வெட்கமாக இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டே எழுதினால் பாதியில் நிறுத்திவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். எதையும் பாதியில் நிறுத்துவதுதான் என்னுடைய ஒரே உறுதியான பழக்கம். அதனால் நிற்காமல் அடித்துவிடுகிறேன்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கேரளாவுக்குள் இருக்கிற பனச்சமூட்டிலிருந்து உள்ளே போனால் எங்கள் வார்டு. ரப்பர் சரிவு, சரிவின் அடியில் ஒரு ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் பதினோரு வீடுகள். எங்கள் வீடு இந்தப் பக்கம். ஓடையின் குறுக்கே இரண்டு தென்னந்தடிகளைச் சேர்த்துப் போட்டிருக்கும். பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் கயிறு. கோடையில் தடியே வேண்டாம், கல்லில் கால் வைத்துத் தாண்டிவிடலாம். மழையில் தண்ணீர் இடுப்புக்கு மேலே வரும். ஆட்டோ இந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். கேஸ் சிலிண்டர், அரிச்சாக்கு, காய்ச்சல் வந்த பிள்ளை எல்லாம் தலையிலோ தோளிலோதான் அந்தப் பக்கம் போக வேண்டும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பாலம் "வருகிறது". வார்டு மெம்பர் எழுதிக்கொடுத்தால்தான் வேலைப் பட்டியலில் ஏறும். மெம்பர் எழுதிக்கொடுத்ததெல்லாம் அவருடைய சொந்த ரப்பர் தோட்டத்துக்குப் போகும் ரோட்டுக்குத்தான்.

இந்த முறை வார்டு பெண்களுக்கு என்று வந்தது. மெம்பர் தன் மனைவியை நிறுத்தினார். போஸ்டரில் மனைவி படம் சின்னதாகவும் அவர் படம் பெரிதாகவும் இருந்தது. அப்போதுதான் இவள் சுயேச்சையாக நின்றாள்.

இவள் என்றால் என்னோடு ப்ளஸ் டூ வரை ஒரே கிளாஸில் படித்தவள். பனச்சமூட்டில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக்கொடுக்கும் கடையில் வேலை பார்த்தாள். வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். வீட்டில் அவளும் அவள் அம்மாவும்தான். அம்மா முந்திரி ஆலையில் கொட்டை உடைப்பவர். முந்திரிக்கொட்டைக்கு எங்கள் பக்கம் அண்டி என்று பெயர், ஆலைக்கு அண்டி ஆபீஸ். நான் அவரை மாமி என்றுதான் கூப்பிடுவேன். மாமி விடிவதற்குள் தடியைத் தாண்டிப் போவார், பொழுது சாய்ந்து தடியைத் தாண்டி வருவார். நீச்சல் தெரியாது. ஒரு மழைக்காலத்தில் வழுக்கிக் கயிற்றைப் பிடித்துத் தொங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

"நீ என்னத்துக்குட்டீ இந்தப் பாடு?" என்று அவள் மனுத்தாக்கல் செய்த அன்று நான் கேட்டேன். "ஒனக்கும் ராஷ்ட்ரீயத்துக்கும் என்ன பந்தம்?" அரசியலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

"ஒரு பந்தமும் இல்ல. எனக்க அம்மை ஒரு நாளு அந்தத் தடியில இருந்து விழுவா. அதுக்கு முன்ன பாலம் வரணும். அவ்வளவுதான் எனக்க ராஷ்ட்ரீயம்."

தேர்தல் அறிக்கை என்று அவள் அச்சடித்த நோட்டீஸிலும் கிட்டத்தட்ட அதுதான் இருந்தது. அம்மை என்பதை மட்டும் பொதுமக்கள் என்று மாற்றியிருந்தாள்.

எங்கள் கூட்டம் நாலு பேர். நான். கிரிக்கெட் டீம் கேப்டன். கேப்டனின் தம்பி, அவனுக்கு அதுதான் முதல் வோட்டு. அப்புறம் கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஒருவன், அவனை எடிட்டர் என்போம். நாலு பேருமே டிகிரி முடித்தவர்கள் அல்லது முடிக்கப் போகிறவர்கள். நாலு பேருக்குமே வோட்டர் அடையாள அட்டை உண்டு. ஆனால் பஞ்சாயத்துக்கு வேறு லிஸ்ட், சட்டசபைக்கு வேறு லிஸ்ட் என்பது ஒருவனுக்கும் தெரியாது. அட்டை இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவள்தான் லிஸ்டைத் தேடிப் பார்த்து, எங்கள் பெயர் இல்லை என்று கண்டுபிடித்து, நாலு பேருக்கும் விண்ணப்பம் போட்டாள். நேரில் வரச் சொன்ன நாளில் எங்களைக் கடையிலிருந்து துரத்தித் துரத்திப் பஞ்சாயத்து ஆபீசுக்கு அனுப்பினாள். என் பெயரை லிஸ்டில் ஏற்றியவளே அவள்தான். இதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன்.

சுயேச்சைக்கு ஆப்பிள் சின்னம் கொடுத்தார்கள். கேப்டன் அதை ஐபோன் பார்ட்டி ஆக்கினான். எடிட்டர் ஒரு ரீல் போட்டான். ட்ரோன் ரப்பர் மரத்துக்கு மேலே எழும்பி, கீழே ஓடையைக் காட்டி, தென்னந்தடியில் அவள் மெதுவாக நடந்து வருவதைக் காட்டி, பின்னால் ஒரு செண்டை மேளம். சும்மா சொல்லக்கூடாது, செம. ஊர் முழுக்க ஓடியது. துபாயில் இருக்கிறவன், கத்தாரில் இருக்கிறவன், பெங்களூருவில் இருக்கிறவன் எல்லாம் நெருப்பு நெருப்பாக எமோஜி போட்டார்கள். அவர்களில் ஒருவனும் வார்டில் இல்லை என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. நாங்கள் வார்டில்தான் இருந்தோம், நாங்களும் நெருப்புதான் போட்டோம்.

தேர்தலுக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் கிரிக்கெட் கிளப்புக்கு வந்தாள். கையில் பரீட்சை அட்டை, அதில் கிளிப் போட்ட வோட்டர் லிஸ்ட். ஒவ்வொரு வீட்டுக்கும் போய் வோட்டர் ஸ்லிப் கொடுத்து முடித்திருந்தாள். கால் முழுக்கச் செம்மண்.

"எலே, நாளைக்கி நாலு வோட்டும் எனக்கு வேணும். ஏழு மணிக்கே வந்திருங்க."

"ஏழு மணிக்கு எவன் எந்திப்பான்?" என்றான் கேப்டன். "நீ ஜெயிச்சாச்சு பிள்ளே. ரீலு ஓடுத ஓட்டம் கண்டியா?"

"ரீலு வந்து பட்டன அமுக்குமால?"

"நாங்க மேட்சு முடிச்சிட்டு வாறோம். ஆறு மணி வரைக்கும் நேரம் உண்டல்லோ."

"எங்க மேட்சு?"

"பார்டர் தாண்டி நாலு கிலோமீட்டர். நமக்கு லீவு நாளுன்னு பாத்துத்தான் அவனுவ டூர்ணமெண்டே வச்சிருக்கானுவ. ஃபர்ஸ்ட் பிரைசு ஆட்டுக்கிடா ஆக்கும்."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு லிஸ்டைப் புரட்டினாள். "வெளையாட்டு இல்ல மக்கா. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன், ரொம்ப டைட்டாட்டு இருக்கு. கெழடுகட்ட எல்லாம் வந்திரும். ஒங்கள நெனச்சாத்தான் எனக்குப் பயம்."

"எங்கள நெனச்சா?" என்றேன். "நான் ஒனக்க கவுண்டிங் ஏஜெண்டுடீ. என்னையே நம்பலன்னா வேற ஆர நம்புவ?"

"நம்புதேன்" என்றாள்.

மறுநாள் பத்து மணிக்கு நாலு பேரும் இரண்டு பைக்கில் பார்டர் தாண்டினோம். வழியில்தான் பூத். அரசுப் பள்ளிக்கூடம், வாசலில் வரிசை. பெண்கள் குடை பிடித்து நின்றார்கள். ஒரு தாத்தாவை ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். நாங்கள் ஹார்ன் அடித்துக் கையசைத்துவிட்டுப் போனோம். இறங்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தால் அரை மணி நேரம். மேட்ச் பதினொன்றுக்குத்தான்.

செமி ஃபைனலில் தோற்றோம். மணி அப்போது மூன்றரை. மூன்றரைக்குக் கிளம்பியிருந்தால் நாலு மணிக்குள் ஊர். யாரும் கிளம்பவில்லை. தோற்ற கடுப்பு, பசி. புரோட்டாக் கடையில் உட்கார்ந்தோம். கேப்டனின் தம்பி ரன் அவுட் ஆனதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. என் போன் அடித்தது. அவள் பெயர். பார்த்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"எடுக்காத லே" என்றான் கேப்டன். "எடுத்தா பிச்சிருவா. இந்தா கெளம்பியாச்சுல்லா."

கிளம்பவில்லை. இன்னொரு புரோட்டா வந்தது. போன் ஏழு முறை அடித்ததை அப்புறம்தான் எண்ணினேன். கடைசியில் ஒரு வாய்ஸ் மெசேஜ்: "எலே, எங்கல கெடக்க? நம்ம பக்கத்துல ஒங்க நாலு பேரு மட்டும்தான் டிக் விழாம கெடக்கு. வந்திருங்க மக்கா. தயவுசெய்து."

அந்த தயவுசெய்து எனக்குப் பிடிக்கவில்லை. அவள் எங்களிடம் அப்படிப் பேசுகிறவள் அல்ல. அதற்குப் பிறகுதான் ஓட ஆரம்பித்தோம். பனச்சமூட்டில் ஒரே நெரிசல். பூத் வாசலுக்கு வந்தபோது ஆறு மணி தாண்டிப் பத்து நிமிஷம். கேட் சாத்தியிருந்தது. உள்ளே டியூப் லைட்டில் மெஷினை மூடிக்கொண்டிருந்தார்கள். கேட்டில் நின்ற போலீஸ்காரர் எங்களுடைய டீம் ஜெர்சியைப் பார்த்தார்.

"கழிஞ்ஞு மோனே. இனி அஞ்சு கொல்லம் கழிஞ்ஞு வா."

ஐந்து வருஷம் கழித்து வரச் சொல்கிறார். எடிட்டர் சிரித்தான். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

கேப்டன் வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்தோம். மற்ற மூன்று பேரும் அவளுக்கு ஸாரி என்று மெசேஜ் போட்டார்கள். பைக் பஞ்சர் என்று எடிட்டர் கூடுதலாகச் சேர்த்தான். எனக்கு அது முடியாது. மறுநாளுக்கு மறுநாள் கவுண்டிங், நான் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும். அவள் முதலில் என் விரலைத்தான் பார்ப்பாள்.

நான் கெமிஸ்ட்ரி படித்தவன். மூன்று வருஷப் படிப்பில் நான் சொந்தமாகச் செய்த ஒரே பரிசோதனை அன்று நடந்தது. கேப்டன் வீட்டில் ஒரு தகர டப்பாவில் போன சீசன் அண்டி கிடந்தது. ஒன்றை எடுத்துச் சிகரெட் லைட்டரில் காட்டினேன். தோட்டிலிருந்து எண்ணெய் கருப்பாகக் கசிந்தது. தீக்குச்சி முனையில் தொட்டு, இடது கை ஆள்காட்டி விரலில், நகத்திலிருந்து தோல் வரை ஒரு கோடு இழுத்தேன். அச்சு அசல் வோட்டு மை.

"எலே, அது பொள்ளுமே, தோலு வெந்திரும்" என்றான் கேப்டனின் தம்பி.

"ரெண்டு நாளு நின்னாப் போரும்" என்றேன்.

அவளை ஓடைக்கு இந்தப் பக்கம் பார்த்தேன். தடியில் ஏறுவதற்கு முன்னால் ஒரு கல் கிடக்கும், அதில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பரீட்சை அட்டை. பூத்தில் அவளுக்கு ஏஜெண்டாக இருந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர். அவர் போட்ட டிக்குகளை அவள் மொபைல் வெளிச்சத்தில் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தாள். நான் விரலை நீட்டினேன்.

"வந்தியா?"

"அஞ்சே முக்காலுக்கு ஓடி வந்தேன். அவனுவளுக்க பைக்கு பின்ன நின்னு போச்சு."

"இதுல டிக் இல்லியே."

"அவருக்குக் கண்ணு தெரியுமாட்டீ? கடைசி நேரக் கூட்டத் தெரக்குல விட்டிருப்பாரு."

அவள் என் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். அப்புறம் பேனாவை எடுத்து என் பெயரைத் தேடினாள். இரண்டாவது பக்கம், நடுவில். நேரே ஒரு டிக் போட்டாள். அழுத்தமாக, அடுத்த பக்கத்திலும் பதியும்படி.

"நீயாவது வந்தியே மக்கா" என்றாள்.

கவுண்டிங்குக்குள் விரல் கொப்பளித்துவிட்டது. அண்டி எண்ணெய் அமிலம் மாதிரி. பேண்டேஜ் சுற்றிக்கொண்டு போனேன். மை அலர்ஜி என்றேன். "ஒனக்கு வோட்டே அலர்ஜிதானல" என்று அவள் கேலி செய்தாள். அன்று காலை அவள் நல்ல மூடில் இருந்தாள். கவுண்டிங் பெருங்கடவிளை பக்கம் ஒரு ஸ்கூலில். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஏஜெண்டுகளுக்கு பெஞ்ச். எதிர் பெஞ்சில் பழைய மெம்பர், பக்கத்தில் அவர் மனைவி. அந்த அம்மா பட்டுச்சேலையின் ஓரத்தை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் வார்டுக்கு இரண்டு பூத். முதல் பூத்தில் அவர்கள் முன்னால். இரண்டாவது எங்கள் பூத், ஓடைப் பக்கத்து வோட்டெல்லாம் அதில்தான். மெஷினில் எண் வந்தது. நான் காகிதத்தில் கூட்டினேன். திரும்பக் கூட்டினேன். அவளிடம் காட்டினேன். அவளும் கூட்டினாள். இருவருக்கும் நானூற்றுப் பதினேழு.

பழைய மெம்பர் எழுந்து கத்தினார். மெஷினைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். அதே எண். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கல், எந்தப் பெயர் வருகிறதோ அவர் ஜெயித்தவர் என்றார். இரண்டு துண்டுக் காகிதம். இரண்டு பெயர். ஒரே அளவாக மடித்து, யாரோ மதியச் சாப்பாடு கொண்டுவந்த எவர்சில்வர் டப்பாவைக் கழுவித் துடைத்து அதில் போட்டார்கள். ஐந்து வருஷத்துக்கான ஓடையும் பாலமும் அந்த டப்பாவில் கிடந்தன. ஒரு ஊழியர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை விட்டார்.

அவள் பார்க்கவில்லை. என் பேண்டேஜ் சுற்றிய விரலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். எனக்கு வலி உயிர் போனது. கையை இழுக்கவில்லை.

மெம்பர் மனைவியின் பெயர்.

அவள் அழவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். எதிர் பெஞ்சுக்குப் போய் அந்த அம்மாவுக்குக் கை கொடுத்தாள். வெளியே வெடி வெடித்தது. பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் பேசினாள்.

"ஒரு வோட்டு. ஒரே ஒரு வோட்டு. அந்த மூணு சவங்கள்ல ஒருத்தன் வந்திருந்தா போரும்."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லியிருக்கலாம். பஸ் வர இருபது நிமிஷம் ஆனது. இருபது நிமிஷமும் சொல்லியிருக்கலாம்.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம், ஓடைக்கு இந்தப் பக்கம் என் பைக்கில் உட்கார்ந்திருந்தேன். மாமி அண்டி ஆபீசிலிருந்து வந்துகொண்டிருந்தார். முட்டி போய்விட்டது அவருக்கு, நாள் முழுக்கக் குத்தவைத்து உட்கார்ந்து உடைப்பதால். ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பார். என்னைக் கண்டதும் நின்றார்.

"என்ன மக்கா கையில கெட்டு?"

"மை அலர்ஜி மாமி."

"காட்டு."

"ஒண்ணும் இல்ல மாமி."

கையைப் பிடித்து இழுத்தார். மாமியின் விரல்களைச் சொல்ல வேண்டும். பத்து விரலும் கருப்பு. ரேகை கிடையாது, நகத்தைச் சுற்றித் தோல் உரிந்து உரிந்து தடித்துப்போயிருக்கும். ரேஷன் கடை மெஷின் அவர் விரலை ஒருநாளும் ஒழுங்காக எடுத்ததில்லை. அந்த விரல்களால் பேண்டேஜைப் பிரித்தார். கொப்பளம் உடைந்து ஓரம் கருகியிருந்தது. மூக்கருகே கொண்டுபோய் ஒரு தடவை மோந்தார்.

"இது மை இல்ல மக்கா."

நான் கையை உருவப் பார்த்தேன்.

"முப்பது வருசமா நான் இந்த மணத்தோடதான் சோறு திங்குதேன். எனக்கிட்டயா அண்டிக்கறைய மையின்னு காட்டுத?"

ஊரில் எவனை வேண்டுமானாலும் ஏமாற்றியிருக்கலாம். அண்டி உடைக்கிற பொம்பளையின் மகளுக்கு அண்டிக் கறையைக் காட்டி ஏமாற்றியது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போதுதான் உறைத்தது. அவள் ஒருநாளும் அண்டி ஆபீசுக்குள் கால் வைத்ததில்லை, மாமி விட்டதில்லை. அதனால்தான் தப்பித்தேன்.

மாமி தூக்குப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். விளக்கெண்ணெய். வேலை முடிந்ததும் கையில் தேய்த்துக்கொள்வது. என் விரலில் இரண்டு சொட்டு விட்டுத் தடவினார்.

"தண்ணி பட வைக்காத. நகம் போவும், பொறவு மொளைக்கும்." தடவிக்கொண்டே கேட்டார். "என்னத்துக்கு மக்கா வரல?"

"மேட்சு இருந்துது மாமி."

"ஜெயிச்சீளா?"

"இல்ல."

தலையை ஆட்டினார். பாட்டிலை மூடிப் பையில் வைத்தார்.

"அவகிட்ட சொல்லண்டாம். ஒருத்தனாவது வந்தான்னு நெனச்சிட்டு இருக்கா பிள்ள. அது அங்க இருக்கட்டு."

அப்புறம் கயிற்றைப் பிடித்துத் தடியில் ஏறினார். நான் பைக்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கால் வைத்து, நின்று, அடுத்த கால் வைத்து. அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை பைக்கை எடுக்கவில்லை.

நகம் போனது, முளைத்தது. கோணலாக, நடுவில் ஒரு கருப்பு வரியோடு. இன்னும் இருக்கிறது. கேட்பவர்களிடம் பைக் சைலன்ஸர் சுட்டது என்பேன்.

புது மெம்பரின் முதல் வேலைப் பட்டியலில் ரப்பர் தோட்டத்து ரோட்டுக்குப் பக்கச் சுவர் இருந்தது. பாலம் இல்லை. இவள் பஞ்சாயத்து ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனாள், இரண்டு முறை நானும் கூடப் போனேன். மெம்பரிடம் எழுதி வாங்கி வாருங்கள் என்றார்கள்.

இடையில் சட்டசபைத் தேர்தலும் வந்தது. நான் ஏழு மணிக்கே போய் நின்றேன். வரிசையில் என் வயதுக்காரன் என்னைத் தவிர ஒருவன் இருந்தான், அவனும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தவன். மற்றதெல்லாம் நரைத்த தலை, ஊன்றுகோல், குடை. கேப்டன் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு வோட்டு இல்லாமல் சமமாகிச் சீட்டில் போனது அவனுக்கும் தெரியும், ஆனாலும் தூங்கினான். போன் செய்தேன். "இது பெரிய எலக்ஷன்ல, இதுல ஒரு வோட்டுல என்ன ஆகும்?" என்றான். மை வைக்கிற அம்மா என் நகத்தைப் பார்த்து ஒரு நொடி தயங்கிவிட்டு அந்தக் கருப்பு வரிக்கு மேலேயே கோடு போட்டார். பெண்கள் வரிசையிலிருந்து அவள் என்னைப் பார்த்து விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். இரண்டாவது தடவையும் வந்துவிட்டாயே என்பது போல. நான் வோட்டுப் போட்டேன் என்ற நிம்மதிகூட அதோடு போனது.

மழை தொடங்கி ஒரு வாரம். சாயங்காலம் அவளிடமிருந்து போன். இந்த முறை முதல் மணியிலேயே எடுத்தேன்.

"அம்மை விழுந்துட்டா. தடியில இருந்து. ஆட்கள கூட்டிட்டு ஓடி வா."

மாமி தண்ணீரில் போகவில்லை. அந்தப் பக்கத்துக் கரையிலிருந்த கல்லில் இடுப்பு அடிபட்டு விழுந்திருந்தார். காலைத் தூக்க முடியவில்லை, அது வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. எலும்பு போய்விட்டது என்பது பார்த்தாலே தெரிந்தது. வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து உட்கார வைத்தார்கள். தடியில் ஒரு ஆள்தான் நடக்கலாம். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் ஓடைக்குள் இறங்கினோம். நான், கேப்டன், எடிட்டர், கேப்டனின் தம்பி. ஆளுக்கு ஒரு கால். தண்ணீர் இடுப்புக்கு மேலே, கலங்கல், இழுப்பு. நாற்காலி எங்கள் தோள் உயரத்தில். அடியில் கல் உருண்டது. கேப்டனின் தம்பி ஒரு முறை தடுமாறினான், நாற்காலி சரிந்தது, மாமி வலியில் கத்தினார். இந்தப் பக்கம் ஆட்டோ விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது, அதற்கு மேலே வர வழியில்லை.

எங்களுக்குப் பக்கத்தில், தடியின் மேல் அவள் நடந்து வந்தாள். ஒரு கையில் கயிறு. இன்னொரு கையில் குடையை அம்மாவின் தலைக்கு நேரே நீட்டிப் பிடித்திருந்தாள்.

"பைய மக்கா, பைய" என்று முனகிக்கொண்டே வந்தார் மாமி. நடு ஓடையில் எடிட்டர் மூச்சு வாங்கி நின்றான். எல்லோரும் நின்றோம். மாமி பல்லைக் கடித்துக்கொண்டு எங்களைக் குனிந்து பார்த்தார். வலியிலும் கிண்டல் போகாத ஆள்.

"நாலு பேரும் அண்ணைக்கு இப்பிடி ஒருமிச்சு வந்திருந்தா, இண்ணைக்கு இந்தச் சொமடு ஒங்களுக்கு உண்டாலே?"

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். கண்ணையும் மூடிக்கொண்டார்.

குடை நின்றுவிட்டது. மாமியின் முகத்தில் மழை விழுந்தது.

"நாலு பேரா?" என்றாள் அவள் மேலேயிருந்து. "மூணு பேருதானம்மா வரல?"

மாமி கண்ணைத் திறக்கவில்லை. கேப்டன் என்னைப் பார்த்தான், எடிட்டர் தண்ணீரைப் பார்த்தான். என் இடது கை நாற்காலிக் காலைப் பிடித்திருந்தது. விரல்கள் வெளிப்பக்கம், அவள் கண்ணுக்கு நேரே. எடுக்க முடியாது. எடுத்தால் மாமி விழுவார். அந்தக் கோணல் நகத்தையும் கருப்பு வரியையும் அவள் பார்த்தாள். ரொம்ப நேரம் அல்ல. அப்புறம் குடையைத் திரும்ப அம்மாவின் தலைக்கு நேரே கொண்டுவந்தாள்.

"நடங்க" என்றாள்.

இந்தப் பக்கம் ஏறி ஆட்டோவில் படுக்க வைத்தோம். அவள் ஏறிக்கொண்டாள். கேப்டனின் தம்பியைப் பார்த்து, "வீட்டுல வெளக்கு எரியுது, அணைச்சிட்டுப் பூட்டிரு" என்றாள். கேப்டனிடம், "எனக்க செருப்பு அங்க கெடக்கு, எடுத்து வச்சிரு" என்றாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டோ போனது. நாங்கள் நாலு பேரும் ஈரத்தோடு ரோட்டில் நின்றோம்.

நெய்யாற்றின்கரையில் ஆபரேஷன் நடந்தது. இரண்டு முறை ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். மாமி இனி குத்தவைத்து உட்கார முடியாது என்றார்களாம், அப்படியென்றால் அண்டி ஆபீஸ் முடிந்தது. வாக்கர் பிடித்து இரண்டு அடி நடக்கிறார் என்று கேப்டன் வந்து சொன்னான். வீட்டுக்குக் கூட்டிப் போக முடியவில்லை. தடியில் வாக்கர் நிற்காது. பாறசாலைப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் முன்னறையில் படுக்க வைத்திருக்கிறார்கள்.

நேற்று மதியம் வாட்ஸ்அப்பில் அவளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. வோட்டர் லிஸ்டின் இரண்டாவது பக்கம். நடுவில் என் பெயர். நேரே அவள் அன்று போட்ட டிக். அதன் மேல் பேனாவால் ஒரு கோடு அடித்திருந்தாள், ஒரே ஒரு கோடு, ஸ்கேல் வைத்து. கீழே எதுவும் எழுதவில்லை.

நாலைந்து பதில் அடித்தேன். எல்லாவற்றையும் அழித்தேன். அதன் பிறகுதான் இதை அடிக்க உட்கார்ந்தேன்.